யாருக்கும் வேண்டாத நடுவர்

மனிதர்களில் நடுநிலைவாதி என்று ஓர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். உங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போடும்போது, இரண்டு வாசலுக்கும் சரியாக நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு, தண்ணீர் தன் வாசலுக்கு வராதபடி மட்டும் காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டுப் போவார் பாருங்கள், அவர்தான்.

அவருக்கு எதிரிகள் கிடையாது. நண்பர்கள் உண்டா என்று கேட்டால், அதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

நாம் பார்க்கப்போகிற நடுநிலைவாதிக்கு நகரக் கால்பந்து லீக்கில் ஒரு பதவி இருந்தது. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் விசில் ஊத வேண்டும் என்று முடிவு செய்கிற ஒதுக்கீட்டுச் செயலாளர் பதவி. முடிவு செய்கிற வேலையை, வாழ்க்கையில் எதையுமே முடிவு செய்யாத ஒருவரிடம் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? பதவிக்கு ஆள் தேடிய கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரைச் சொன்னதும் ஒருவர் எழுந்து கத்தினார். இவர் பெயரைச் சொன்னபோது மட்டும் யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு அவர் யாருக்கும் எதையும் செய்திருக்கவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் அவரை 'நடுநிலையார்' என்று கூப்பிட்டார்கள். அது கேலி என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் மரியாதையாக ஓர் 'ஆர்' இருந்ததால் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருக்கு அதைவிடப் பொருத்தமான தொழில் உலகத்தில் இல்லை. வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். வந்தவர் "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி படரும். நாள் முழுக்க முடிவெடுப்பது மற்றவர்கள். அவர் வில்லையை மாற்றுவதோடு சரி.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி இரண்டு திரைச்சீலைகளைத் தூக்கிக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், ரெண்டும் அதது அளவில் அழகு என்பார். பிள்ளைகள் பஸ்ஸில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டால், யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று தானே அங்கே உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை மனைவிக்கும் நடுநிலையாரின் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அந்த மாதம் முழுவதும் அக்கா வீட்டில் பாதி வயிறு, தன் வீட்டில் பாதி வயிறு என்று சாப்பிட்டு, இரண்டு இடத்திலும் சமையலைக் குறை சொல்வதாகத் திட்டு வாங்கினார். அந்தத் திட்டு இரண்டு பக்கமும் சமமாக இருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

அவருக்கென்று ஒரு மந்திரம் இருந்தது. "எனக்கு யாரும் வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்ல." மனைவி பக்கத்தில் நிற்கும்போதும் இதைக் கூசாமல் சொல்வார்.

இப்படிப்பட்டவர் சீசன் தொடக்கத்திலும் நடுவிலும் நடுவர்களைப் போடுவதில் பெரிய சிக்கல் எதுவும் வராது. மழையில், நனைந்த நாய் ஒன்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்டத்துக்கு யார் விசில் ஊதினால் யாருக்கு என்ன? சிக்கல் சீசன் முடிவில்தான். கோப்பை யாருக்கு, மேல் பிரிவுக்குப் போவது யார், கீழே விழுவது யார் என்று எல்லாம் அந்தக் கடைசி ஆட்டங்களில் தொங்கும். அப்போது நடுநிலையாருக்கு ஒரு வியாதி வந்துவிடும். விசாரணை வியாதி. எந்த நடுவருக்கு எந்த அணியில் யார் வேண்டியவர் என்று தோண்டத் தொடங்குவார். கடை அலமாரிக் கண்ணாடிகளெல்லாம் தூசி படிந்து கிடக்கும்.

அந்த ஆண்டு கடைசி ஆட்டம் ரொட்டி ஆலை அணிக்கும் ரயில் பட்டறை அணிக்கும். இரண்டும் சமப் புள்ளிகளில் நின்றன. வெல்கிறவர்களுக்குக் கோப்பை. ஆட்டம் சமனில் முடிந்தால் கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். அந்த ஆறு மாத விதியை எழுதிச் சேர்த்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லீக்கில் இருந்த நடுவர்களிலேயே நன்றாக விசில் ஊதுகிறவன் யார் என்று மைதானத்து வாசலில் கடலை விற்கிறவரைக் கேட்டாலும் சொல்வார். லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒருவன். அவன் ஓடுகிற ஓட்டத்தில் பந்து அவனைக் கேட்டுக்கொண்டு போவது போல இருக்கும். அவன் விசில் ஊதினால், தப்பு செய்தவனே "சரி விடு" என்று பின்வாங்குவான். இத்தனை வருடங்களில் அவனுக்கு ஓர் இறுதி ஆட்டம்கூடக் கிடைத்ததில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம், அலுவலகத்துக்கு அலுவலகம் நட்பு ஆட்டம், மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஆட்டம், இவைதான் அவனுக்கு. அடுத்த சீசன் தொடங்குவதற்குள் நடுவர்களுக்கான வயது வரம்பை அவன் தாண்டிவிடுவான். இந்த இறுதி ஆட்டம் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டியதுதான்.

அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. நடுநிலையாரின் மனைவிக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டான்.

மச்சானைப் போடக் கூடாது என்றால் வேறு யாரைப் போடுவது? நடுநிலையார் விசாரணையைத் தொடங்கினார். முதலில் தையல்காரர். நல்ல நடுவர்தான், ஆனால் ரொட்டி ஆலை கோல்கீப்பருக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். அளவெடுத்த உறவு இருக்கிறதே? தள்ளு. அடுத்தவர் பள்ளி ஆசிரியர். அவர் ரயில் பட்டறையின் முன்கள ஆட்டக்காரனுக்கு நான்காம் வகுப்பில் பாடம் எடுத்தவர். அதிலும் அவனைக் கணக்கில் பெயிலாக்கியவர். இப்போது அதற்குப் பரிகாரமாக அவனுக்குச் சாதகம் செய்வாரா, அல்லது பழைய பழக்கத்தில் மறுபடி பெயிலாக்குவாரா? இரண்டுமே ஆபத்து. மாட்டு வைத்தியர் ரொட்டி ஆலை முதலாளியின் நாய்க்கு ஊசி போட்டவர். அந்த நாய் பிழைத்துவிட்டது வேறு. வங்கிக்காரர் ஒருவர் மிஞ்சினார். அவருக்கு இரண்டு அணியிலும் யாரையும் தெரியாது, ஊரிலேயே யாரையும் தெரியாது. நடுநிலையார் அவரைப் பற்றித்தான் அதிகம் யோசித்தார். ஊரில் ஒருத்தரோடும் ஒட்டாதவனை என்னவென்று நம்புவது?

போதாக்குறைக்கு ஒரு நாள் காலையில் அவருக்குப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. நடுவர்கள் அத்தனை பேரும் ரொட்டி சாப்பிடுகிறார்கள். அத்தனை பேரும் ரயிலில் போகிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டு அணிச் செயலாளர்களும் கண் சோதனைக்கு வருவது போல ஒரே நாளில் கடைக்கு வந்தார்கள். ரொட்டி ஆலைச் செயலாளர் ஓர் அம்மாள், அடுப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். அவர் பேசினால் மாவு கூட எழுந்து நிற்கும் என்பார்கள். பட்டறைச் செயலாளர் கிரேன் ஓட்டுகிறவர். எல்லோரையும் உயரத்திலிருந்து பார்த்தே பழகியவர். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுநிலையார் இரண்டு நாற்காலிகளையும் சம தூரத்தில் இழுத்துப் போட்டார்.

"சார், சுத்தி வளைக்காம சொல்றேன்" என்று அம்மாள்தான் தொடங்கினார். "உங்க மச்சானைப் போடுங்க. போன வருஷம் மழை ஆட்டத்துல எங்க கோலை இல்லைன்னுட்டான். அன்னைக்கு அவனைத் திட்டாத திட்டு இல்ல. வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சா, அது கோல் இல்லதான்."

கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார். "நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன். என் அண்ணன் பையனையே வெளியே அனுப்பினான். எங்க வீட்ல ஒரு வாரம் அடுப்பு எரியல. ஆனா அனுப்புனது சரி."

எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டு அணிகள் ஒரே ஆளைக் கேட்கின்றன. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்பாடா என்று அவன் பெயரை எழுதிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அலமாரியைத் துடைத்திருப்பீர்கள். நடுநிலையார் பேனாவை மூடி வைத்தார். ஓர் அணிக்கு வேண்டியவன் என்றால் அவனைத் தள்ளிவிடலாம். இரண்டு அணிக்கும் வேண்டியவன் என்றால் அது இரண்டு மடங்கு குற்றம் அல்லவா? பயல் இரண்டு வீட்டிலும் கை நனைத்திருக்கிறான் போலிருக்கிறது. பரிசீலிப்பதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, போகும்போது ஆளுக்கொரு கண்ணாடித் துடைக்கும் துணி கொடுத்தார். ஒரே நிறம், ஒரே அளவு.

விஷயம் வீட்டுக்கு வந்தபோது மச்சானும் அங்கே இருந்தான். தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து கொடுக்க வந்தவன். அவன் கெஞ்சுகிற ரகம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, நான் உங்க மச்சானா இருக்கறதுதானே பிரச்சனை? பேசாம அக்காவை விவாகரத்து பண்ணிடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கலாம்."

அவன் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். நடுநிலையார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு நிமிடம் அதை யோசித்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவருடைய மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் வேலை செய்துகொண்டேதான் பேசுவாள். உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"என் தம்பி மேல என்னங்க குறை?"

"ஒரு குறையும் இல்ல."

"அப்புறம்?"

"அவனைப் போட்டா, மச்சான்னு போட்டாருன்னு ஊரு பேசும்."

"போடலைன்னா?"

"சொந்தக்காரன்னுகூடப் பார்க்காத நேர்மையான மனுஷன்னு பேசும்."

"யாரை?"

"என்னைத்தான்."

"அப்ப இத்தனை வருஷமா நீங்க அவனைப் பத்தி யோசிக்கவே இல்ல" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். மச்சான் குழாயைத் திறந்து பார்த்தான். தண்ணீர் நன்றாக வந்தது. "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

நடுநிலையாருக்கு மனம் உறுத்தியது. உறுத்தாமல் இல்லை. ஆனால் உறுத்தலுக்கும் அவர் ஒரு சமநிலை கண்டுபிடித்தார். மச்சானுக்கு விசில் இல்லை, ஆனால் கொடி உண்டு. கோட்டோரத்தில் நிற்கிற இரண்டு துணை நடுவர்களில் மூத்த துணை நடுவராக அவனைப் போட்டார். கோடு யார் பக்கமும் இல்லை அல்லவா? இரண்டாவது கொடியை வங்கிக்காரருக்குக் கொடுத்தார். சரி, நடுவில் விசிலோடு நிற்பது யார்? எந்த அணிக்கும் வேண்டியவராக இல்லாத, வேண்டாதவராகவும் இல்லாத, தையல் தெரியாத, பாடம் எடுக்காத, நாய்க்கு ஊசி போடாத, ஊரில் எல்லோரையும் தெரிந்த ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் இருந்தார்.

ஆமாம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்ததைப் போலவே இதிலும் அவர் தானே உட்கார்ந்துகொண்டார். நடுவர் உரிமத்தை அவர் வருடா வருடம் தவறாமல் புதுப்பித்து வந்தார். வயது வரம்பு செயலாளருக்குப் பொருந்தாது என்று விதி எழுதியவரும் அவரே. உடல் தகுதித் தேர்வில் ஓடியவரும் அவரே, ஓடியது போதும் என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே.

ஆட்டத்தன்று கறுப்புச் சட்டையைப் பொத்தான் போட முடியாமல் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். மேடை நிரம்பி, சுவர் நிரம்பி, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி மேலும் ஆட்கள். மனைவியும் வந்திருந்தாள். தம்பி கோட்டோரத்தில் நின்ற பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், கணவர் பக்கம் அல்ல. அவர் நடுவில் இருந்ததால் அவர் பக்கம் என்று ஒன்று இல்லவும் இல்லை.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ரொட்டி ஆலைக்காரன் ஒருவன் காலைத் தட்டிவிட்டான். விசில். சரியான விசில். கூட்டம் தலையாட்டியது. உடனே நடுநிலையாருக்குள் ஒரு பரபரப்பு. ஒரு பக்கம் ஊதிவிட்டோமே, மறுபக்கம் என்ன நினைப்பார்கள்? பட்டறைக்காரன் ஒருவன் பந்துக்குப் பக்கத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தான். விசில். ஏன் என்று அவன் விழித்தான். கணக்கு நேரானதில் நடுநிலையாருக்கு மூச்சு சீராக வந்தது.

அப்புறம் அதுவே ஆட்டத்தின் சட்டமாகிவிட்டது. ரொட்டிக்கு எதிராக ஒன்று, பட்டறைக்கு எதிராக ஒன்று. ஒருவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினால், எதிரணியில் யாருக்காவது காட்டும்வரை அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்க மாட்டார், கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடுவார். அப்படித்தான் பட்டறை கோல்கீப்பர், பந்து மைதானத்தின் மறுகோடியில் இருக்கும்போது மூக்கைச் சொறிந்ததற்காக மஞ்சள் அட்டை வாங்கினார்.

ஆட்டக்காரர்கள் முட்டாள்களா என்ன? கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்தை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள்.

"இப்ப யாரோட முறைடா?"

"கடைசியா உங்களுக்கு ஊதினாரு. அப்ப எங்களுக்கு."

"சரி, நான் தள்ளிவிடறேன், நீ விழு, சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

முறை வந்த அணிக்காரர்கள் காற்று பட்டாலே விழுந்தார்கள். முறை இல்லாதவன் நிஜமாகவே அடிபட்டு உருண்டாலும், வீணாக உருளாதே என்று அவன் கூட்டாளியே எழுப்பிவிட்டான். முதல் பாதியில் ரொட்டிக்கு ஒரு பெனால்டி, கோல். இரண்டாம் பாதி தொடங்கியதும் பட்டறைக்கு ஒரு பெனால்டி, கோல். எதற்குக் கொடுத்தார் என்று வாங்கியவர்களுக்கே தெரியவில்லை. முதலில் கத்திய கூட்டம், அப்புறம் சிரித்தது, அதற்கப்புறம் சிரிப்பதையும் நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்தது. வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த பையன்கள், பொம்மைகளைப் போல முறை வைத்து விழுந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்கக் கிரேன்காரருக்கும் அடுப்பு அம்மாளுக்கும் முகம் சுண்டிப்போனது. அன்றுதான் முதல்முறையாக அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மகிழ்ச்சியாக இருந்தவர் ஒருவர்தான். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிவிட்டால் கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். நடுநிலையார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

அப்போதுதான் அது நடந்தது. ரொட்டி அணியின் சின்னப் பையன் ஒருவன், முறை கிறை எல்லாம் மறந்துபோய், பந்தை எடுத்துக்கொண்டு நிஜமாகவே ஓடினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், பெனால்டி கட்டத்துக்குள் நுழைந்தான். முன்னால் கோல்கீப்பர் மட்டும். பின்னாலிருந்து பட்டறைத் தடுப்பாட்டக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை டர்ரென்று கிழிந்தது. அந்தச் சத்தம் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்தவர்களுக்கும் கேட்டது. பாதிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தடுப்பாட்டக்காரன் அசட்டுத்தனமாக நின்றான்.

கோட்டோரத்தில் மச்சான் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். கொடி ஆடவில்லை.

நடுநிலையார் விசிலை வாயில் வைத்தார். ஆனால் கணக்கு? கடைசி விசில் பட்டறைக்கு எதிராக ஊதியது. இப்போது ரொட்டிக்கு எதிராக அல்லவா ஊத வேண்டும்? பட்டறைக்கு எதிராகத் தொடர்ந்து இரண்டு ஊதினால் உலகம் என்ன சொல்லும்? விசிலிலிருந்து காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. ஊதினாரா இல்லையா என்று தெரியாமல் இருபத்திரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அவர் மெல்ல நடந்து மச்சானிடம் போனார்.

"கொடி எதுக்கு?"

"பெனால்டி சார்." மைதானத்தில் அவன் எப்போதும் அவரைச் சார் என்றுதான் சொல்வான்.

"அவசரப்படாத. அந்தப் பக்கத்தையும் யோசிச்சுப் பாரு."

"அந்தப் பக்கம் சட்டை கிழியல சார்."

நடுநிலையார் திரும்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் பட்டறைக்காரர்கள், அந்தப் பக்கம் ரொட்டிக்காரர்கள், மேலே ஊர். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கண்ணாடி மாட்டி உட்கார வைத்து எது தெளிவு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பெனால்டி கட்டத்தை நோக்கி நாலு எட்டு வைத்தார்.

ஐந்தாவது எட்டில், "ஆ" என்று காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்.

ஆட்டம் முழுக்க ஓடியபோது பிடிக்காத தசை, நடந்தபோது பிடித்துக்கொண்டது. டாக்டர் ஓடி வந்தார். தொட்டுப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பையை மூடினார். நடுநிலையார் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, மூத்த துணை நடுவரிடம் நீட்டினார்.

"விதிப்படி" என்றார்.

மச்சான் அந்த விசிலை வாங்கவில்லை. தன் கால்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய விசிலை எடுத்தான். கொடியைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய் ஊதினான். கை நேராகப் பெனால்டி புள்ளியைக் காட்டியது. பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் அவனைச் சூழ்ந்தார்கள். அவன் நீட்டிய கையைத் தாழ்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களே விலகிப் போனார்கள். கிழிந்த சட்டையோடு அந்தச் சின்னப் பையனே பந்தை அடித்தான். கோல். மீதி இருந்த நேரத்தில் ஒருவன்கூடச் சும்மா விழவில்லை. பட்டறை கடைசி மூச்சுவரை முட்டி மோதியது. பார்ப்பதற்கு அது கால்பந்தாட்டம் போலவே இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து, மச்சானின் பிறப்பு வளர்ப்பு முதல் அவன் பழுதுபார்த்த லிஃப்ட்கள் வரை எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினார்கள். மச்சான் என்ற உறவுமுறையே அன்று கெட்ட வார்த்தை ஆனது. கிரேன்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்.

"பெனால்டிதான்" என்றார். "ஆனா ஒரு மாசத்துக்கு உன்னைத் திட்டுவேன். எங்க ஆளுங்க முன்னாடி வேற வழி இல்ல."

"திட்டுங்க" என்றான் அவன்.

அக்கா தண்ணீர் பாட்டிலோடு வந்து, கடைசிக் கொஞ்ச நேரம் மட்டும்தானேடா கிடைத்தது என்று வருத்தப்பட்டாள். அவன் பாட்டிலைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"ஆட்டம் நடந்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான்க்கா."

நடுநிலையாரை யாராவது திட்டினார்களா? அதுதான் இல்லை. பரிசளிப்பில் அவர் பட்டறைக்காரர்கள் பக்கம் போய், தான் மட்டும் நின்றிருந்தால் அந்த விசிலை ஊதியிருக்க மாட்டேன் என்று வருத்தத்தோடு சொன்னார். அவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள். ரொட்டிக்காரர்கள் பக்கம் போய், சரியான நேரத்தில் சரியான கையில் விசில் போய்ச் சேர்ந்தது என்று சொன்னார். அவர்களும் தோளைத் தட்டினார்கள். மச்சானை நீங்கள் போட்டீர்களா என்று ஒருவர் கேட்டதற்கு, "நான் யாரையும் போடல. விதி போட்டுச்சு" என்று பணிவாகக் கையை விரித்தார். திட்டெல்லாம் ஒருத்தன் தலையில், தட்டெல்லாம் இன்னொருத்தர் தோளில். நடுநிலை என்பதன் கணக்கு எப்போதும் இப்படித்தான் நேராகிறது.

இத்தனையும் அவர் நொண்டிக்கொண்டேதான் செய்தார். மனைவி தூரத்திலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டாள்.

"எந்தக் காலுங்க?"

"என்ன?"

"பட்டறைக்காரங்ககிட்ட போறப்ப இடது காலை நொண்டினீங்க. ரொட்டிக்காரங்ககிட்ட போறப்ப வலது காலு. எந்தக் காலுக்குத் தைலம் தடவட்டும்?"

நடுநிலையார் நடுத்தெருவில் நின்று இரண்டு கால்களையும் பார்த்தார். ஒரு காலைச் சொன்னால் இன்னொரு கால் என்ன நினைக்கும்?

"ரெண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம்" என்றார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இந்த இனம் உங்கள் வீட்டில் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் நண்பர்கள் இரண்டு பேர் உங்கள் முன்னாலேயே சண்டை போட்டு, யார் பக்கம் தப்பு என்று உங்களைக் கேட்டபோது, அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனது யார்? தங்கையும் தம்பியும் நியாயம் கேட்டு வந்த அன்றைக்கு உங்களுக்கு ஏன் திடீரென்று தலைவலி வந்தது? அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவரை அநியாயமாகக் கடிந்தபோது, திட்டு வாங்கியவர் உங்கள் முகத்தைப் பார்த்தாரே, அப்போது உங்கள் செருப்பு வார் அறுந்துபோனது உண்மைதானா? நான் யாரையும் குறை சொல்லவில்லை. உங்கள் பக்கமும் நியாயம் இருக்கும். ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். அடுத்த முறை நொண்டத் தொடங்குவதற்கு முன்னால், எந்தக் கால் என்பதையாவது முடிவு செய்துகொள்ளுங்கள்.